மேடை ஏறி விளக்கை அணைத்தேன்

அஸ்தினாபுரம்,
டிசம்பர் 2.

கர்த்தருக்குள் பிரியமான ஜெரூஷாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நல்ல சுகம், தெருதான் சுகமில்லை, மூன்று நாள் மழைக்கே முனையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, பால்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். நீ அந்தப் பின்லாந்து குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா, காலையில் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு கிளம்புகிறாயா என்று தினமும் ஜெபத்தில் கேட்கிறேன், அதற்குப் பதில் நீதான் எழுத வேண்டும். சனிக்கிழமை நீ போனில் பாடகர் குழுப் போட்டி என்ன ஆயிற்று என்று கேட்டபோது அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் போனைப் பிடுங்கி, விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும். போனில் சொன்னால் நீ பாதியில் மீட்டிங் என்பாய், அப்பா நடுவில் புகுந்து தன் பங்கைப் பெரிதாக்குவார். இதை ஆரம்பத்திலிருந்து நானே சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பாவிடம் ஒரு வார்த்தை வெளியே விடக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறேன், பாவம், இரண்டு நாளாக உன் மெசேஜைப் பார்த்துப் பார்த்துப் போனைக் கவிழ்த்து வைக்கிறார். கடிதத்தை இன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் போடச் சொல்கிறேன், அதுவரை பொறுக்க முடியாது என்று அவர் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினால் நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். கண்புரை ஆபரேஷன் இரண்டு கண்ணிலும் நன்றாகத்தான் நடந்தது, குரோம்பேட்டை ஸ்டாப்பில் நின்றால் தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரை அப்பாவுக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். ஆனால் கிட்டத்தில் வைத்துப் படிக்கும்போது வெளிச்சம் பட்டால் ஒரே கூச்சம், கண்ணில் ஈரம் நிற்பதில்லை, சிறிது நேரத்தில் வெங்காயம் அரிந்த மாதிரி எரியும். டாக்டரம்மா பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள், போகப் போகச் சரியாகும் என்றார். போகப் போக என்றால் எவ்வளவு தூரம் என்று அவர் சொல்லவில்லை. செய்தித்தாளை அப்பா படித்துக் காட்டினார், வேதபுத்தகத்துக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு வாங்கினோம், அதெல்லாம் சமாளித்தேன். பாடகர் குழுவில்தான் மாட்டிக்கொண்டேன். நம் சபையில் நோட்டுகளை எப்படி எழுதுவார்கள் என்று உனக்குத் தெரியும், ஸ்வரத்துக்கு ஒரு சின்ன எழுத்து, அதற்கு நடுவில் புள்ளியும் முக்காற்புள்ளியும் கோடும். முக்காற்புள்ளி என்றால் தாளத்தில் அடுத்த தட்டு, ஒற்றைப் புள்ளி என்றால் அரைத் தட்டு. அந்த இரண்டுக்கும் என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாமல் போய்விட்டது. செப்டம்பரில் ஒரு சாயங்காலம் பயிற்சியில் எல்லாக் குரலும் நின்று ஒரு மௌனம் விட வேண்டிய இடத்தில், நான் மட்டும் அரைத் தட்டு முன்னால் உள்ளே போய்விட்டேன். அந்த அமைதியில் என் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே மாதிரி போனேன், அப்போது யாரும் சிரிக்கவில்லை.

குழு இப்போது ஜெபின் பொறுப்பில் இருக்கிறது, சண்டே ஸ்கூலில் உனக்கு மேல் வகுப்பில் இருந்தானே, அவன்தான், சிறுசேரியில் வேலை பார்த்துவிட்டு அலைந்து திரிந்து வந்து எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறான். பயிற்சி முடிந்து நான் செருப்பைத் தேடும்போது கூடவே வந்து, "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க, போட்டிக்கு மட்டும் இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்களேன்" என்றான். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். நான் சரிப்பா என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி, வீடு வருகிற வரைக்கும் ஆட்டோக்காரரோடு மெட்ரோ வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்த நாளிலிருந்து நான் ஆல்டோ. ராகத்தைப் பாடுகிற சோப்ரானோவைத்தான் ஜனங்கள் கேட்பார்கள், கீழே நின்று அதைத் தாங்குகிற குரல் இருப்பதே பலருக்குத் தெரியாது. அது எனக்குப் பிடித்த இடம். ரெஸ்ட் எடு என்று சொன்ன பிறகு நான் ஆராதனையில் எந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, ஜெரூ, அத்தனை வருஷமாக ஜனங்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

இதை நான் உன்னிடம் சொல்லவில்லை, அப்பாதான் எனக்குத் தெரியாமல் மாடிக்குப் போய் உனக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். நீயும் சும்மா இராமல் உன் ஆபீஸ் மிருதுளா லீவில் வரும்போது புத்தகம் படிக்கிற அந்தப் பெரிய ரீடரை அவளிடம் கொடுத்துவிட்டாய். பார்க்கச் சாம்பல் நிறத்தில் ஒரு சிலேட்டு. அப்பாவுக்கு ஒரே உற்சாகம். ரயில்வேயில் காலமெல்லாம் கரண்ட் வேலை பார்த்த மனுஷர், வெளிச்சம் என்றால் அவருக்குக் குறைவாக எதுவும் பிடிக்காது. ஹாலில் இரண்டு டியூப்லைட்டையும் போட்டு, ரீடரில் இருந்த வெளிச்சத்தையும் கடைசி வரைக்கும் தள்ளி, "இப்ப படி பாக்கலாம்" என்று என் கையில் கொடுத்தார். பால் மாதிரி ஒரு வெள்ளை, ஓரத்தில் நீலம். ஒரு பக்கம் முடிப்பதற்குள் கண் இரண்டிலும் தண்ணீர் கொட்டியது. நீ வீடியோவில் வந்து, அம்மா, அதில் இரண்டு கோடு இருக்கும், ஒன்று வெளிச்சத்தின் அளவு, இன்னொன்று அதன் நிறம், இரண்டையும் நகர்த்திப் பார் என்று படித்துப் படித்துச் சொன்னாய். நான் சரி சரி என்றேன். உண்மையில் எனக்கு அப்போது எந்தக் கோட்டையும் நகர்த்த மனதில்லை. நீ வருத்தப்படுவாய் என்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதைப் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அக்டோபரில் ஒரு நாள் மழைக்குக் கரண்ட் போய்விட்டது. மத்தியானம்தான், ஆனாலும் வீடு மங்கலாக இருந்தது. பீரோவில் துணிக்கு ஈரம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத் திறந்தவள், ரீடரை எடுத்து, சும்மா, பழுதாகிவிட்டதா பார்க்கலாம் என்று அடுக்களை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஆன் பண்ணினேன். அந்த வெள்ளை வெளிச்சம் முகத்தில் அடித்தது. எரிச்சலில் விரலை வைத்து ஒரே இழுப்பாக இழுத்து வெளிச்சத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அணைந்துவிட்டது என்று நினைத்தேன். அணையவில்லை. எழுத்து அப்படியே நின்றது. அச்சடித்த தாள் மாதிரி, ஜன்னல் வெளிச்சத்திலேயே, கறுப்பாக, ஆடாமல். ஒரு பக்கம் படித்தேன். இன்னொரு பக்கம் படித்தேன். அடுப்பில் குழம்பு அடி பிடித்ததே தெரியவில்லை, அப்பா வாசனைக்கு எழுந்து வந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போனில் வெளிச்சம் உள்ளேயிருந்து நம் கண்ணுக்குள் அடிக்கிறது. இதில் அப்படி இல்லை, இது தாள், அதன்மேல் ஓரத்திலிருந்து ஒரு சின்ன விளக்கு தடவிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அறையில் வெளிச்சம் எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் அந்த விளக்கு நிரப்பினால் போதும். நாங்கள் பந்தியில் நிறைந்த இலைக்கு மேலே மேலே சோறு போட்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு அப்பாவும் நானும் பட்ட பாடு இருக்கிறதே. காலையில் பால்கனி, மத்தியானம் அடுக்களை, சாயங்காலம் டியூப்லைட் என்று ரீடரைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அலைந்தோம். ஒரு வெள்ளைத் தாளை ரீடர் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற யோசனை எனக்கு வந்தது. ரீடர் அந்தத் தாளைவிடப் பளிச்சென்று இருந்தால் கண் கூசும், அதைவிட மங்கலாக இருந்தால் கண்ணைச் சுருக்க வேண்டிவரும், இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினால் ரீடர் கையில் இருப்பதே மறந்துவிடுகிறது. நிறமும் அப்படித்தான். பகலில் மஞ்சள் கலந்தால் அழுக்குத் தாள் மாதிரி இருக்கும், சாயங்காலம் மஞ்சள் பல்பு எரிகிற அறையில் அதே மஞ்சள் கொஞ்சம் கூட்டினால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி கண்ணுக்கு இதம். தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி இருக்கிறதே, அதை அப்பா பெருமையாகப் போட்டுவிட்டார், அவர் குறுக்கே நடக்கிற போதெல்லாம் அது நிழல் என்று நினைத்து ஏறி இறங்கியது, எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் முதலில் அதை நிறுத்தினேன். கறுப்பில் வெள்ளை எழுத்தாக மாற்றினால் கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்னதாக அதையும் பண்ணிப் பார்த்தார், எனக்கு ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் பனி மாதிரி ஒரு வட்டம் வந்தது, மற்றவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, எனக்கு வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துதான். நோட்டுத்தாள்களை ஆல்டோவில் என் பக்கத்தில் நிற்கிற தீபா ஸ்கேன் பண்ணிக் கொடுத்தாள், அவள் டீச்சர் இல்லையா, முதலில் சாம்பலாக வந்ததை ஓரங்களை வெட்டி எழுத்தைக் கறுப்பாக்கித் திரும்ப அனுப்பினாள். அன்றைக்கு முக்காற்புள்ளி முக்காற்புள்ளியாகவும், ஒற்றைப் புள்ளி ஒற்றைப் புள்ளியாகவும் என் கண்முன் நின்றன, ஜெரூ. நான் அடுக்களையில் நின்றுகொண்டு முழுப் பாட்டின் ஆல்டோவையும் சத்தமாகப் பாடினேன். மாடியிலிருந்து லோகநாயகி அக்கா எட்டிப் பார்த்து வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

அடுத்த பயிற்சிக்கு அழைக்காமலே போனேன். ஜெபினிடம், ஒரு தடவை பாடுகிறேன், பிசகினால் நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அவன் என் கையிலிருந்த ரீடரைப் பார்த்தான். குழுவில் ஒருவர், மேடையில் எல்லாரும் கறுப்பு ஃபைல் வைத்திருக்கும்போது ஒருத்தர் மட்டும் டிவி வைத்துக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும், முகத்தில் வெளிச்சம் அடித்துப் பேய் மாதிரி தெரியும் என்றார். நியாயமான கேள்விதான். நான் ரீடரைக் கறுப்பு ஃபைலுக்குள்ளேயே வைத்துக் கட்டியிருந்தேன், அப்பா பெல்ட் வார் வெட்டி வைத்துக் கொடுத்திருந்தார். நம் சபை ஹாலில் ஒரு பக்கம்தான் விளக்கு எரிகிறது, ஆல்டோ நிற்கிற மூலை இருட்டு. அந்த மூலைக்கு ஏற்ற மாதிரி விளக்கைக் கொஞ்சமாக ஏற்றி, மஞ்சளைக் கூட்டி நின்றேன். ஜெபின் எதிர்ச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தான். என் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பாடினோம். மௌனம் வந்தது, நின்றேன், சரியான தட்டில் உள்ளே போனேன். ஜெபின் திரும்பக் கையைத் தூக்கினான். மறுபடி முதலிலிருந்து என்றான், மறுபடியும் பாடினோம். முடிந்ததும் போட்டிக்கு எத்தனை புடவை எடுக்க வேண்டும் என்று தீபா கேட்டதற்கு, என்னையும் சேர்த்து எண்ணிச் சொன்னான். அது போதும் எனக்கு.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். தாம்பரத்தில் ஒரு கல்லூரி அரங்கம், தெற்குப் பக்கத்துச் சபைகள் எல்லாம் வந்திருந்தன, வெளியே கொட்டுகிற மழை. தாள் நனைந்துவிடும் என்று ஜெபின் எல்லாருக்கும் நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருந்தான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். அது போக, மூன்றாம் சரணத்தைக் கடைசி வாரத்தில் மாற்றியிருந்தான், மற்ற குரல் எல்லாம் நின்றுவிட ஆல்டோ மட்டும் தனியாகத் தொடங்க வேண்டும், புது நோட்டு, எனக்கு அதையும் தீபா ஸ்கேன் பண்ணி அனுப்பியிருந்தாள், ஆனால் ஒருத்திக்கும் மனப்பாடம் இல்லை. எங்கள் முறை வந்து மேடை ஏறினோம். மேடை மங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்து நான் ரீடரைச் சபை ஹாலில் வைத்த மாதிரியே வைத்திருந்தேன். ஏறினால், மேலேயிருந்தும் எதிரேயிருந்தும் அத்தனை விளக்கு, கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் முகத்தில் அடிப்பாரே அந்த மாதிரி. முன்வரிசையில் நிற்கிறவர்கள் ஃபைலைச் சாய்க்கிறார்கள், நிமிர்த்துகிறார்கள். தீபா என் பக்கம் சாய்ந்து, அக்கா, பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஒரு எழுத்தும் தெரியவில்லை என்றாள். மற்ற இரண்டு ஆல்டோக்களுக்கும் அதே கதி. உறையிலிருந்து உருவ நேரமில்லை, ஜெபின் கையைத் தூக்கிவிட்டான். நான் என் ஃபைலைப் பார்த்தேன். அத்தனை வெளிச்சத்தில் என் சின்ன விளக்குக்கு வேலையே இல்லை. விரலை வைத்து ஓரம் வரைக்கும் இழுத்து முழுக்க அணைத்தேன், மார்புக்கு நேராகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். அந்த மேடை விளக்குகள் எல்லாம் எனக்காகவே போட்ட மாதிரி, ஒவ்வொரு புள்ளியும் கோடும் மை காயாத எழுத்தாகத் தெரிந்தது. தீபாவிடம், "என் சத்தத்தைப் பிடிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

முதல் இரண்டு சரணம் எல்லாருக்கும் மனப்பாடம், அது போய்விட்டது. மூன்றாவதுக்கு முன்னால் எல்லாக் குரலும் நின்றன. ரீடர் பக்கம் மாறும்போது ஒரு கணம் கறுத்துவிட்டுத்தான் எழுத்தைக் காட்டும், அதற்காக நான் அரை வரி முன்னாலேயே தட்டப் பழகியிருந்தேன், மௌனத்துக்குள் பக்கம் மாறி எழுத்து வந்து நின்றது. ஜெபின் எங்கள் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் பயத்தைப் பார்த்தேன், மின்னுகிற உறைகளை அவனும் அப்போதுதான் பார்த்தான். நான் மூச்சை இழுத்துக்கொண்டு சரியான தட்டில் தொடங்கினேன். முதல் சொல்லை நான் தனியாகத்தான் பாடினேன். இரண்டாவது சொல்லில் தீபா வந்து ஒட்டிக்கொண்டாள், அடுத்த அடிக்குள் மற்ற இருவரும் வந்துவிட்டார்கள், நாலு பேரும் ஒரே குரலாக, என் குரல்மேல் ஏறி நின்று பாடுகிறார்கள். நான் எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, கண் கூசவில்லை, எரியவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சோப்ரானோவும் ஆண்களும் திரும்பச் சேர்ந்தபோது அந்த அரங்கத்தின் கூரை அதிர்ந்தது, ஜெரூ. இன்னும் கடைசி ஆமென் பாக்கி இருக்கும்போதே ஒருத்தர் மட்டும் எழுந்து கைதட்டினார், யார் என்று நான் சொல்ல வேண்டுமா.

முதல் பரிசு நமக்குத்தான். நடுவராக வந்த அம்மா மேடைக்கு வந்து, நிறையச் சபைகள் நன்றாகப் பாடின, ஆனால் மூன்றாம் சரணத்தில் ஆல்டோ தொடங்கிய அந்த இடத்தில் தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். கப்பை வாங்கப் போன ஜெபின் வழியிலேயே நின்று, பின்வரிசைக்கு வந்து என் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனான். கனமான கப், நான்தான் வாங்கினேன். இறங்கி வந்ததும் வேறு சபைப் பெண்கள் மூன்று நான்கு பேர், எல்லாரும் என் வயசுக்காரர்கள், என்னைச் சூழ்ந்துகொண்டார்கள், பாட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்று பார்த்தால் ஃபைலைத் திறந்து காட்டுங்கள் என்கிறார்கள். ஒருத்திக்கு மூன்று வருஷமாகப் புத்தகம் படிக்க முடியவில்லையாம். கேன்டீனில் டீ ஆறிப்போகிற வரைக்கும் வெள்ளைத் தாளை வைத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொண்டிருந்தேன். அப்பா குறுக்கே குறுக்கே விளக்கினார், இந்த விஷயமே அவர் கண்டுபிடித்த மாதிரி. போகட்டும், அன்றைக்கு அவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன். ஆட்டோவுக்காக வாசலில் நிற்கும்போது ஜெபின் குடையோடு ஓடி வந்து, "ஆன்ட்டி, கிறிஸ்துமஸ் காலைல முதல் சரணம் நீங்க தனியா பாடணும், உங்க ஸ்தாயிக்கு இறக்கித் தரேன்" என்றான். ரெஸ்ட் எடுக்கச் சொன்னதைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை, அவன் குடையை என் தலைக்கு மேல் பிடித்து அவன் நனைந்துகொண்டு நின்றான். பாடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. அங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது என்கிறாய், விளக்கைப் போடாமல் போர்வைக்குள் போனைப் பார்க்கிற பழக்கம் உனக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து உண்டு, அந்தக் கண் நான் பெற்ற கண், அதையும் கொஞ்சம் கவனி. மிருதுளாவுக்கு என் நன்றியைச் சொல், அடுத்த முறை அவள் வரும்போது உனக்கு அதிரசமும் பருப்புப் பொடியும் கொடுத்துவிடுகிறேன். உன்னை உண்டாக்கினவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, கையின் வேலையைப் பலிக்கப் பண்ணி, எந்தக் குறைவும் இல்லாமல் நடத்துவாராக. கிறிஸ்துமஸ் ஆராதனை விடியற்காலை நாலரைக்குத் தொடங்கும், உனக்கு அப்போது ஒரு மணி, தூங்கிவிடாதே. அப்பா முதல் பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்து உனக்குக் காட்டுவார். உன் அறையில் ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உன் அம்மா பாடுவதைப் பார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
சாராள் வேதசிரோமணி